முதிர்ந்த காளை எல்க்கைத் தேடுவது எப்படி: கொலராடோ மலைகளில் முதல் வேட்டைக்குச் செல்பவர்களுக்கு

அக்டோபர் நடுவில் கொலராடோ மலைகளுக்கு முதன்முறையாக ரைபிள் வேட்டைக்குச் செல்பவர், விடியற்காலையில் புல்வெளி ஓரம் முப்பது நாற்பது பெண் எல்க்குகள் கன்றுகளோடு மேய்வதைப் பார்த்ததும், சரியான இடத்துக்கு வந்துவிட்டோம் என்று நம்பிவிடுகிறார். நானும் என் முதல் ஆண்டில் அப்படித்தான் நம்பி, ஐந்து நாள் வேட்டைப் பருவத்தில் நான்கு நாட்களை ஒரே புல்வெளிக்கு எதிரே உட்கார்ந்து கழித்தேன். கூட்டம் தவறாமல் வந்தது, அதோடு ஒன்றிரண்டு இளம் ஆண்களும் வந்தன, ஆனால் கொம்பு கனத்த காளை ஒன்றுகூட வரவில்லை. இணைசேரும் காலம் முடிந்துவிட்ட அந்த வாரத்தில் முதிர்ந்த காளைக்குப் பெண்கூட்டத்தோடு எந்த வேலையும் இல்லை என்பது எனக்கு அப்போது தெரியாது. இந்த வழிகாட்டியில் நான் சொல்லப்போவதில் பெரும்பகுதி அந்த ஒன்றிலிருந்தே கிளைப்பது.

எல்க் என்ற பெயர் தமிழ் வாசகர்களைச் சற்றுக் குழப்பக்கூடும். ஐரோப்பாவில் அந்தப் பெயர், வட அமெரிக்கர்கள் மூஸ் என்று அழைக்கும் விலங்கைக் குறிக்கும். இலங்கை மலைநாட்டில் ஆங்கிலேயத் துரைமார்கள் மரையை, அதாவது தமிழ்நாட்டில் கடமான் என்றும் மிளா என்றும் சொல்லப்படுவதை, எல்க் என்றே அழைத்தார்கள். இங்கே நாம் பேசுவது ராக்கி மலைத்தொடரில் வாழும் வாப்பிட்டி என்னும் பெரிய மானைப் பற்றி. அதன் வளர்ந்த ஆண் ஏறக்குறைய 320 கிலோ எடையும் தோளில் ஒன்றரை மீட்டர் உயரமும் கொண்டிருக்கும், பெண் 225 கிலோ அளவில் இருக்கும். அமெரிக்க வேட்டைக்காரர்கள் ஆணைக் காளை என்றும் பெண்ணைப் பசு என்றும் சொல்வார்கள். பசு என்ற சொல்லை வேட்டைக் கட்டுரையில் எழுத எனக்குக் கை வரவில்லை, ஆகவே பெண் எல்க் என்றே எழுதுகிறேன்.

முதலில் தாள்கள்

இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தோடு பொழுதுபோக்கு வேட்டை ஏறக்குறைய முடிவுக்கு வந்துவிட்டதால், உரிமம் வாங்கி மான் வேட்டையாடுவது என்பதே நம்மில் பலருக்கு வியப்பாக இருக்கும். அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலமும் தன் மந்தைகளைக் கணக்கெடுத்து, எந்தப் பகுதியில் எத்தனை விலங்குகளை எடுக்கலாம் என்று முடிவுசெய்து, அதற்கேற்ப உரிமங்களை வழங்குகிறது. கொலராடோவில் குலுக்கல் முறை உரிமங்களுக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாள் வழக்கமாக ஏப்ரல் மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை. அக்டோபரில் ஆசை வந்து அக்டோபரில் கிளம்ப நினைப்பவருக்குப் பெரும்பாலும் நல்ல பகுதிகள் கிடைக்காது. 1949 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பின்போ பிறந்தவர்கள் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சியை முடித்துச் சான்று வைத்திருக்க வேண்டும்.

விசாவில் இருப்பவர்கள் இதைக் கூடுதல் கவனத்தோடு படிக்க வேண்டும். எச்-1பி போன்ற குடியேற்றமல்லா விசாவில் அமெரிக்காவுக்குள் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டரசுச் சட்டம் பொதுவாகத் தடைசெய்கிறது. மாநிலம் ஒன்று வழங்கிய, செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பவர்களுக்கு அதில் விதிவிலக்கு உண்டு. உரிமம் கையில் வருவதற்கு முன் நண்பரின் துப்பாக்கியைப் பயிற்சிக் களத்தில் தொட்டுப் பார்ப்பதுகூடச் சிக்கலாகலாம் என்பதால், குடியேற்றச் சட்டம் அறிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் ஒருமுறை பேசிவிடுவது நல்லது.

ரைபிள் பருவத்தில் ஒளிரும் ஆரஞ்சு அல்லது இளஞ்சிவப்பு உடை 500 சதுர அங்குலத்துக்குக் குறையாமல் தலைக்கும் மார்புக்கும் அணிய வேண்டும், தொப்பி எல்லாத் திசையிலிருந்தும் தெரிய வேண்டும். சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பிருந்து மறைவுக்கு அரை மணி பின்வரையே சுடலாம். தனியார் நிலத்தில் காலடி வைக்க உரிமையாளரின் அனுமதி வேண்டும், அங்கே அறிவிப்புப் பலகை இல்லை என்பது அனுமதி ஆகாது. பக்கத்து மாநிலமான வயோமிங்கின் விதி வேறு: வெளிமாநிலத்தவர் அங்கே வனாந்தரம் (வில்டர்னஸ்) என்று சட்டப்படி ஒதுக்கப்பட்ட பகுதிகளில் வழிகாட்டி இல்லாமல் பெருவிலங்கு வேட்டையாட முடியாது. விதிகள் ஆண்டுதோறும் மாறுவதால், அந்த ஆண்டின் கையேட்டை முழுவதும் படித்த பிறகே மேற்கொண்டு திட்டமிடுங்கள்.

காளையின் நாட்காட்டி

உங்கள் உரிமத்தில் உள்ள தேதியில் காளை என்ன நிலையில் இருக்கும் என்பதைத் தெரிந்துகொண்டால் பாதி மலையைத் தேடாமலே ஒதுக்கிவிடலாம். மார்ச், ஏப்ரலில் பழைய கொம்பு உதிர்கிறது, கோடை முழுவதும் மெல்லிய மயிர்த்தோல் போர்த்த புதுக்கொம்பு வளர்கிறது. அந்த நாட்களில் காளைகள் நான்கைந்தாகச் சேர்ந்து மரங்கள் வளரும் உயரம் முடியும் மரவரம்புக்கு அருகே உயர்ந்த புல்வெளிகளில் கவலையின்றி மேயும். ஆகஸ்டு இறுதியில் தோல் உரிந்து கொம்பு இறுகுகிறது. செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் தொடக்கம் வரை இணைசேரும் பருவம். அப்போது காளை பெண்களைத் திரட்டி வைத்துக்கொண்டு, சீழ்க்கையைப் போல உயர்ந்து முடியும் குரலில் இரவும் பகலும் கூவும். அந்த மூன்று வாரங்களில் காளையைத் தேட வேண்டியதில்லை, பெண்களைத் தேடினால் போதும். வில்வேட்டைக்காரர்கள் எழுதும் அறிவுரைகளில் பெரும்பாலானவை இந்தப் பருவத்துக்கு உரியவை. அவற்றைப் படித்துவிட்டு ரைபிள் பருவத்துக்குப் போவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு.

இணைசேரும் நாட்களில் காளை சரியாக மேய்வதில்லை. போட்டிக் காளைகளோடு மோதி, பெண்களைத் துரத்தி, கொழுப்பெல்லாம் கரைந்து, சில சமயம் விலாவில் குத்துக்காயத்தோடு அக்டோபருக்குள் நுழைகிறது. கடும்பனி விழ இன்னும் சில வாரங்களே இருக்கும் நிலையில் அதன் தேவை மூன்று மட்டுமே: புல், நீர், யாரும் வராத மறைவு. இம்மூன்றும் சில நூறு மீட்டருக்குள் கிடைக்கும் ஒரு மூலையைக் கண்டுகொண்டு, தனியாகவோ இன்னொரு காளையோடோ அங்கேயே ஒடுங்கிவிடும். பெண்கூட்டம் பனிக்கு முன்னமே கீழே இறங்கத் தொடங்கினாலும், முதிர்ந்த காளை வயிறு தொடும் பனி வரும்வரை மேலேயே தங்குவதுண்டு. நவம்பர் பருவங்களில் பெண்களின் தடங்களைப் பின்பற்றிப் பள்ளத்தாக்கில் தேடுபவர்கள், காளைகளை அண்ணாந்து பார்க்க மறந்துவிடுகிறார்கள்.

வரைபடத்தில் அந்த மூலையைக் கண்டுபிடித்தல்

ஜூன், ஜூலையிலேயே மேசையில் உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை இது, நான் என் நேரத்தில் பாதியை இதற்கே கொடுக்கிறேன். ஆன்எக்ஸ் போன்ற செயலியில் அரசு நிலமும் தனியார் நிலமும் நிறம் பிரித்துக் காட்டப்படும், கூகுள் எர்த் மலையைச் சாய்த்துப் பார்க்க உதவும். அமெரிக்க வனத்துறை இலவசமாக வெளியிடும் மோட்டார் வாகனப் பாதை வரைபடம் எந்தச் சாலை திறந்திருக்கிறது என்பதைச் சொல்லும். முதலில் அந்தச் சாலைகளைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஓரிகன் மாநிலத்தின் ஸ்டார்க்கி ஆய்வுக் காட்டில் எல்க்குகளுக்குக் கழுத்துப்பட்டைக் கருவி பொருத்திப் பல்லாண்டுகள் கவனித்தவர்கள், வண்டி ஓடும் சாலைகளை விட்டு அவை தெளிவாக விலகி நிற்பதைப் பதிவு செய்திருக்கிறார்கள். ஒவ்வொரு திறந்த சாலைக்கும் இருபுறமும் ஒன்றரை கிலோமீட்டர் பட்டையை வரைந்து அடித்துவிடுங்கள், நன்றாகத் தேய்ந்த நடைபாதைகளுக்கு அரை கிலோமீட்டர் போதும்.

மிச்சமிருக்கும் நிலத்தில் வடக்கு, வடகிழக்கு நோக்கிய சரிவுகளைப் பாருங்கள். வெயில் குறைவாக விழும் அந்தச் சரிவுகளில் ஸ்ப்ரூஸ், ஃபிர் மரங்கள் நெருங்கி வளர்ந்து, பகலில் படுத்திருக்க இருளும் குளிர்ச்சியும் தரும். சமஉயரக் கோடுகள் நெருக்கமாக ஓடிக்கொண்டே வந்து, ஓரிடத்தில் மட்டும் சற்று விலகி மறுபடி நெருங்கினால், செங்குத்துச் சரிவின் நடுவில் வீட்டுத் திண்ணை போல ஒரு சமதளம் இருக்கிறது என்று பொருள். காளைகள் படுக்க விரும்பும் இடம் அதுதான்: கீழே இருந்து வருபவர் கண்ணில் படுவார். அந்தத் திண்ணையிலிருந்து முந்நூறு நானூறு மீட்டருக்குள் சிறு புல்திட்டு உண்டா என்று செயற்கைக்கோள் படத்தில் தேடுங்கள். பனிச்சரிவு வழித்துச் சென்ற பட்டை, பழைய காட்டுத்தீயின் ஓரம், ஒரு டென்னிஸ் மைதானத்தின் அளவுள்ள இடைவெளி எதுவானாலும் போதும். பெரிய புல்வெளி கூட்டத்துக்குத்தான் தேவை, தனிக்காளைக்குத் தேவையில்லை. கோடை இறுதியில் எடுத்த படத்தில் சுற்றிலும் பழுப்பாகியும் ஓரிடம் மட்டும் பச்சையாக இருந்தால் அங்கே ஊற்று கசிகிறது.

இப்படிப் பார்த்தால் ஒரு வேட்டைப் பகுதிக்குள் பத்துப் பன்னிரண்டு மூலைகள் தேறும். கொலராடோவின் வடமேற்கில் ஒயிட் ரிவர் தேசிய வனத்தையும் ஃபிளாட் டாப்ஸ் வனாந்தரத்தையும் சார்ந்து வாழும் மந்தை நாட்டின் மிகப் பெரிய எல்க் மந்தைகளுள் ஒன்று. அங்கே மேல்தளம் பரந்த புல்வெளியாகவும், அதன் விளிம்புகள் செங்குத்தான அடர்காடாகவும் இருக்கும். எல்லோரும் புல்வெளியில் குதிரைகளோடு முகாமிடுவார்கள், கிழட்டுக் காளை விளிம்புக்குச் சற்றுக் கீழே, அந்த முகாம்களின் விறகு வெட்டும் சத்தம் கேட்கும் தொலைவில் படுத்திருக்கும். தொலைவு மட்டுமே காளையைக் காப்பதில்லை. நடப்பதற்கு எரிச்சலூட்டும் எந்த இடமும் காக்கும். வண்டு தாக்கி இறந்த மரங்கள் தீக்குச்சிகளைக் கொட்டியது போல ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து கிடக்கும் காடுகள் கொலராடோவில் இப்போது ஏராளம். மணிக்கு முந்நூறு மீட்டர்கூட நகர முடியாத அத்தகைய இடத்தை நான் இரண்டு ஆண்டுகள் சுற்றிக்கொண்டே போனேன். (அங்கே கூடாரம் மட்டும் அடிக்காதீர்கள், நிற்கும் பட்டமரங்கள் காற்றில் சாயும்.)

தடயங்களைப் படித்தல்

குறித்துவைத்த மூலைகளுள் நான்கைந்தையாவது ஆகஸ்டில் நேரில் பார்த்துவிடுவது நல்லது. இயலாதவர்கள் பருவம் தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்னதாகப் போய், 3,000 மீட்டர் உயரத்துக்கு உடம்பைப் பழக்கிக்கொண்டே பார்க்கலாம். தலைவலியும் குமட்டலும் வந்தால் வேட்டையை மறந்து கீழே இறங்கிவிட வேண்டும்.

மரம் உரசிய அடையாளம் புதியவர்களை மயக்கும். கொம்பின் தோலை உரிக்கவும் வீரம் காட்டவும் காளை மரத்தில் கொம்பைத் தேய்க்கும்போது பட்டை கிழிந்து தொங்கும், பிசின் வழியும். தொடைப் பருமனுள்ள மரம் நெஞ்சுயரத்துக்கு மேலும் உரிந்திருந்தால் அது பெரிய காளையின் வேலைதான். ஆனால் அது செப்டம்பரில் எழுதிய கடிதம். எழுதியவர் இப்போது அதே முகவரியில் இருக்கிறார் என்று அது சொல்வதில்லை. சேற்றில் புரண்ட குழிகளும் அப்படியே. அக்டோபர் பாதிக்குப் பிறகு நான் புழுக்கையையும் குளம்புத் தடத்தையும் மட்டுமே நம்புகிறேன்.

புதுப் புழுக்கை கரும்பச்சையாக, எண்ணெய் தடவியது போல மின்னும், குச்சியால் உடைத்தால் உள்ளே ஈரமான பச்சை தெரியும். பழையது மங்கி, உடைத்தால் வைக்கோல் தூளாக உதிரும். வளர்ந்த காளையின் குளம்புத் தடம் பத்துப் பதினொரு சென்டிமீட்டர் நீளத்தில், மானின் கூர்மையும் மாட்டின் வட்டமும் இல்லாமல் இடைப்பட்ட வடிவில் இருக்கும். கோடையில் இந்தக் காடுகளில் பண்ணை மாடுகளும் மேய்வதால் இந்த வேறுபாட்டைப் பழகிக்கொள்ளுங்கள். பெரிய தடத்தோடு கன்றின் சிறு தடங்கள் கலந்திருந்தால் அது கூட்டம். பெரிய தடம் ஒன்றோ இரண்டோ மட்டும், நெருங்கிய மரங்களைத் தவிர்த்து அகலமான இடைவெளிகளாகத் தேர்ந்து சென்றிருந்தால், அந்த விலங்கு தன் தலைமேல் எதையோ சுமந்து போகிறது. மாட்டுத்தொழுவ வாடை திடீரென்று மூக்கில் ஏறினால் அப்படியே நில்லுங்கள், அநேகமாக நூறு மீட்டருக்குள் எல்க் இருக்கிறது.

உட்கார்ந்து பார்த்தல்

நடந்து தேடுபவரைவிட உட்கார்ந்து தேடுபவர் அதிகம் பார்ப்பார். அந்த மூலைக்குள் நுழையாமல், எதிர்ச்சரிவில் எண்ணூறு மீட்டர் முதல் ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி, இருள் பிரியும் முன்பே அமர்ந்துவிட வேண்டும். 10×42 பைனாகுலரை முக்காலியில் பொருத்திப் பார்ப்பதற்கும் கையில் பிடித்துப் பார்ப்பதற்கும் உள்ள வேறுபாட்டை ஒருமுறை அனுபவித்தால் பிறகு முக்காலி இல்லாமல் போகமாட்டீர்கள். சரிவை வயலுக்குப் பாத்தி கட்டியது போல மனத்துக்குள் பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு பாத்தியாக, அவசரமின்றிப் பாருங்கள். முழு எல்க்கைத் தேடினால் கிடைக்காது. செங்குத்தான மரங்களுக்கு நடுவே கிடைமட்டமாக ஒரு முதுகுக்கோடு, வெளிறிய வைக்கோல் நிறத்தில் ஓர் உடல், அதோடு பொருந்தாத கரும்பழுப்புக் கழுத்து, வெயிலில் மின்னும் தந்த நிறக் கொம்புநுனி ஆகியவற்றுள் ஒன்றுதான் கண்ணில் படும்.

நான் முதன்முதலில் கண்ட முதிர்ந்த காளையை ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தும் காளை என்று அறியவில்லை. விழுந்த மரங்களின் குவியலில் ஒரு கிளை மட்டும் மற்றவற்றைவிட அழகாக வளைந்திருந்தது, அவ்வளவுதான். ஒன்பதரை மணிக்கு அந்தக் கிளை மெல்லத் திரும்பி, அதன் அடியில் ஒரு காது ஈயை விரட்டியது.

காளை வெளியே தெரிவது காலையில் பதினைந்து இருபது நிமிடமாகவும், மாலையில் வெளிச்சம் போகும் நேரமாகவும் இருக்கலாம். அது மரத்துக்குள் மறைந்ததும் பின்தொடர்ந்து ஓடாதீர்கள். எங்கே நுழைந்தது என்று வரைபடத்தில் குறித்துக்கொண்டு, மாலையில் சரியான காற்றோடு அதே இடத்துக்கு வாருங்கள். தொந்தரவு இல்லாதவரை அது அந்த மூலையை விட்டு நகர்வதில்லை, ஒருமுறை மிரண்டால் அடுத்த பள்ளத்தாக்கில்தான் நிற்கும்.

காற்று

எல்க் கண்ணால் பார்த்ததைச் சந்தேகிக்கும், காதால் கேட்டதைச் சில சமயம் மன்னிக்கும், மோப்பத்தை ஒருபோதும் சந்தேகிப்பதில்லை. மலையில் காற்றுக்கு ஒரு நாள்முறை உண்டு. இரவிலும் விடியலிலும் குளிர்ந்த காற்று சரிவில் கீழ்நோக்கி வழியும், வெயில் ஏறியதும் சூடாகி மேல்நோக்கி எழும், மாலையில் மறுபடி இறங்கும். ஆகவே காலையில் கீழிருந்து மேலேறி அணுகுவதும், காற்று திரும்பிய பிறகு மேலிருந்தோ பக்கவாட்டிலோ வருவதும் வழக்கம். திரும்பும் அந்த இடைவேளையில், அதாவது காலை ஒன்பது பத்து மணிவாக்கில், காற்று எந்தப் பக்கமும் சுழலும். அப்போது அசையாமல் இருப்பதே நல்லது. திருநீறு போன்ற வாசனையற்ற நுண்பொடியைச் சிறு குப்பியில் வைத்துக்கொண்டு சில நிமிடங்களுக்கு ஒருமுறை தூவிப் பார்க்க வேண்டும். விலை உயர்ந்த வாசனை நீக்கித் திரவங்களைவிட இந்தக் குப்பி பயன்படுகிறது என்பது என் கருத்து.

பார்த்தது எதை என்று உறுதிசெய்தல்

கொலராடோவின் பெரும்பாலான பகுதிகளில், சுடப்படும் காளைக்கு ஒரு கொம்பிலாவது நான்கு கிளைகள் இருக்க வேண்டும், அல்லது நெற்றியோரக் கிளை ஐந்து அங்குல நீளமாவது இருக்க வேண்டும். ஓராண்டுக் காளைக்குக் கிளையற்ற ஒற்றைக் குச்சிக் கொம்பு இருக்கும். இரண்டு மூன்று வயதில் நான்கைந்து கிளைகள் வந்தாலும் தண்டு மெலிந்து, கொம்பு தலைக்கு மேல் சிறு கூடை போல நிற்கும். ஐந்து வயதைக் கடந்த காளைக்கு வழக்கமாகப் பக்கத்துக்கு ஆறு கிளைகள், அடிமுதல் நுனிவரை கனம், பின்னோக்கிச் சாய்த்தால் பிட்டம்வரை எட்டும் நீளம். உடலும் வயதைச் சொல்லும்: தொங்கிய வயிறு, தடித்த கழுத்து, தோளின் கனத்தால் கால்கள் குட்டையாகத் தோன்றும் தோற்றம்.

மூஸை எல்க் என்று நினைத்துச் சுடும் தவறு கொலராடோவில் திரும்பத் திரும்ப நடக்கிறது. 1978-இல் கொண்டுவரப்பட்ட மூஸ் இப்போது எல்க் வாழும் அதே காடுகளில் பரவியிருக்கிறது. உடல் முழுவதும் கருமை, தொங்கும் மூக்கு, உள்ளங்கை போல் விரிந்த கொம்பு, வெண்பிட்டம் இல்லாமை ஆகியவற்றைப் பாருங்கள். அடையாளம் காணத் துப்பாக்கியின் தொலைநோக்கியைப் பயன்படுத்தாமல் பைனாகுலரையே பயன்படுத்துங்கள்.

சுடுவதற்கு முன் ஒரு கணக்கு

காளையிடமிருந்து எலும்பு நீக்கிய இறைச்சி ஏறக்குறைய 90 கிலோ தேறும், எலும்போடு ஒரு பின்தொடை மட்டும் 25 கிலோவைத் தாண்டும். தனி ஆளாக இருந்தால் நான்கைந்து நடை. வண்டியிலிருந்து ஐந்து கிலோமீட்டர் என்றால், போக வரக் கணக்கிட்டு நாற்பது ஐம்பது கிலோமீட்டர், அதுவும் விழுந்த மரங்களின் மேல். வரைபடத்தில் மூலையைத் தேர்ந்தெடுக்கும்போதே வெளியே வரும் வழியையும் தேர்ந்தெடுக்க வேண்டும், உதவிக்கு இருவரையோ வாடகைக் குதிரையையோ முன்பே பேசிவைக்க வேண்டும். சுமக்க முடியாத இடத்தில் நிற்கும் காளையை நான் இருமுறை பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன். உண்ணத்தக்க இறைச்சியை விட்டுவருவது சட்டப்படியும் குற்றம்.

விழுந்தபின் முதல் வேலை தோலை உரிப்பது. கனமான தோலும் தடித்த தசையும் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்வதால், குளிர் நாளிலும் எலும்பை ஒட்டிய இறைச்சி கெட்டுவிடும். தொடைகளையும் முன்கால்களையும் பிரித்து, காற்றோட்டமுள்ள துணிப்பைகளில் போட்டு, நிழலில், தரையைத் தொடாமல் கிளையில் தொங்கவிடுங்கள். பாலினச் சான்றை, அதாவது விலங்கு ஆணா பெண்ணா என்று காட்டும் உறுப்பை, ஒரு பகுதியோடு ஒட்டியபடியே விடவும், உரிமச்சீட்டைக் கட்டவும் சட்டம் கோருகிறது. மான்களைத் தாக்கும் உடல்தேய்வு நோய்க்காகச் சில பகுதிகளில் தலையைப் பரிசோதனைக்குக் கொடுப்பது கட்டாயம். கட்டாயமில்லாத இடத்திலும் நான் கொடுத்து, முடிவு வந்த பிறகே சமைக்கிறேன்.

காளை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், மலையிலிருந்து இறங்கிய அன்றே அந்த மூலையைப் பற்றி எழுதி வைத்துவிடுங்கள்: தேதி, உயரம், பனியின் ஆழம், காற்று திரும்பிய நேரம், காளை வெளியே வந்த நிமிடம், நுழைந்த மரம். புல்லும் நீரும் மறைவும் மாறாதவரை, அங்கிருந்த காளை போன பிறகும் இன்னொரு கிழட்டுக் காளை அதே திண்ணையைக் கண்டுபிடித்து வரும். என் குறிப்பேட்டில் இப்போது அப்படி மூன்று திண்ணைகள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்றில், நான்கு ஆண்டுகளில் மூன்று முறை, ஒரே விழுந்த மரத்தின் நிழலில் புதிய படுக்கைத்தடம் இருந்தது.